செம்மரமும் பில் ஆஃப் லேடிங்கும்: ஜவ்வாது மலைக்குக் கடல்சார் சட்டம் எதற்கு?

செம்மரத்தின் சொந்தக் காடு ஜவ்வாது மலை அல்ல. அது வடக்கே, ஆந்திரத்தின் சேஷாசலம், பாலகொண்டா, வேலிகொண்டா மலைகளில் இருக்கிறது. ஆனால் அங்கே மரம் வெட்டியதாகப் பிடிபட்டவர்களின் ஊர்களைப் பார்த்தால் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர், தருமபுரி மாவட்டங்களின் மலைக் கிராமங்கள் திரும்பத் திரும்ப வரும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் உண்டு. மோதலில் இறந்தார்கள் என்றது காவல்துறை. பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள் என்றன குடும்பங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டது. அந்த விவாதத்தைப் பலர் எழுதிவிட்டார்கள். அதிகம் எழுதப்படாதது, வெட்டிய கட்டை பிறகு எங்கே போகிறது என்பது.

அது கடலுக்குப் போகிறது. சீனாவில் ஆடம்பர மரச்சாமான்களுக்கும் ஜப்பானில் இசைக்கருவிகளுக்கும் செம்மரத்துக்குப் பெரிய தேவை இருக்கிறது. 1995 முதல் அந்த மரம் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அரசு ஏலம் விடும் கட்டைகள் போன்ற சில விலக்குகளைத் தவிர, இந்தியாவிலிருந்து அதை ஏற்றுமதி செய்யத் தடை. ஆனாலும் டன் கணக்கில் போகிறது என்றால், பெரும்பாலும் கண்டெய்னரில் ஏறிக் கப்பலில்தான் போகும். காட்டில் கூலிக்குக் கோடாரி பிடித்தவருக்குக் கட்டை கைமாறும் இடம் வரைதான் தெரியும்; அதற்கு மேல் தெரியாதபடிதான் அந்தத் தொழிலே அமைந்திருக்கிறது.

வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும் சுங்கத்துறையும் பிடித்த வழக்குகளில் ஒரே கதை சிறுசிறு மாற்றங்களோடு வருகிறது. யாரோ ஒருவருடைய ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை வாடகைக்கு எடுத்திருப்பார்கள், அல்லது அவருக்குத் தெரியாமலே பயன்படுத்தியிருப்பார்கள். சுங்கத்துறையிடம் தரும் ஷிப்பிங் பில்லில் கிரானைட் என்றோ டைல்ஸ் என்றோ எழுதியிருக்கும். முறைப்படி சரக்கேற்றி முத்திரை வைத்த கண்டெய்னர், துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஏதோ ஒரு கிடங்குக்குள் திரும்பும். அங்கே முத்திரையை யாரும் தொடமாட்டார்கள். கதவைப் பிணைத்திருக்கும் ரிவெட்டுகளைக் கழற்றிக் கதவையே எடுத்து வைத்துவிட்டு, உள்ளே கட்டைகளை அடுக்கி, பழையபடி ரிவெட் அடித்துவிடுவார்கள். துறைமுக வாசலில் அதிகாரி பார்க்கும்போது முத்திரை எண் ஆவணத்தோடு பொருந்தும்.

கண்டெய்னர் கப்பலில் ஏறியதும் கப்பல் நிறுவனம் ஒரு தாள் கொடுக்கும். பில் ஆஃப் லேடிங் என்பது முழுப்பெயர். தொழிலில் இருப்பவர்களுக்கு அது பி.எல். கடல் வணிகம் முழுவதையும் தாங்கி நிற்கும் தாள் அதுதான். சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு அது ரசீது. ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்துக்கு அது சான்று. இவை இரண்டையும்விட முக்கியமாக, அது சரக்கின் உரிமைப் பத்திரம்: கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே சிங்கப்பூர் வியாபாரி அந்தத் தாளைத் துபாய் வியாபாரிக்கு எழுதிக்கொடுத்துச் சரக்கையே விற்றுவிடலாம். பூட்டி முத்திரையிட்டு வந்த கண்டெய்னரைக் கப்பல் நிறுவனம் திறந்து பார்ப்பதில்லை. ஆகவே, உள்ளே இருப்பதாக ஏற்றுமதியாளர் சொன்னது இது, எண்ணிப் பார்த்தது நாங்கள் அல்ல என்ற பொருளில் ஒரு வாசகத்தைத் தாளில் சேர்த்துத் தன் பொறுப்பைக் குறுக்கிக்கொள்ளும். நேர்மையான வணிகம் விரைவாக நடப்பது இந்த வாசகத்தால்தான். கடத்தல்காரர் ஒளிந்துகொள்ளும் இடமும் அதுவே.

இந்தத் தாளைப் பற்றிய இந்தியச் சட்டம் 1856இல் எழுதப்பட்டது, சிப்பாய்ப் புரட்சிக்கு முந்தைய ஆண்டு. நாடாளுமன்றம் அதை மாற்றியது 2025இல்தான். அதே ஆண்டில் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் (பழையது 1925), வணிகக் கப்பல் சட்டம் (பழையது 1958), துறைமுகச் சட்டம் (பழையது 1908) ஆகியவையும் புதிதாக எழுதப்பட்டன. கடலோரக் கப்பல் போக்குவரத்துக்கென்று தனிச் சட்டமும் வந்தது. இன்று சட்டம் படிக்கத் தொடங்கும் ஒருவர் இந்தத் துறையில் சீனியர்களோடு ஏறத்தாழ ஒரே பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறார். புதியவர்களுக்கு இப்படியொரு வாய்ப்பு அடிக்கடி வராது என்று நினைக்கிறேன்.

ஆக, ஒரே கட்டைக்கு இரண்டு முனைகள். காட்டு முனையில் பிடிபட்டவர் திருப்பதியில் செம்மர வழக்குகளுக்கென்றே இயங்கும் நீதிமன்றத்தில், தெரியாத மொழியில், ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் நிற்கிறார். துறைமுக முனையில் 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் இருக்கிறது. சரக்குப் பறிமுதல், அபராதம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் எனப் படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் வழக்கறிஞர் உண்டு. முதல் முனையில் உடல் சிக்குகிறது. இரண்டாவதில் பெரும்பாலும் ஒரு பெயர் மட்டும் சிக்குகிறது, அதுவும் பல நேரம் தவறான பெயர்.

கறாரான வழக்கறிஞர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார். நீங்கள் பேசுவது வனச் சட்டமும் சுங்கச் சட்டமும்தானே, கடல்சார் சட்டம் எங்கே வந்தது என்பார். பாடத்திட்டத்தின்படி அவர் சொல்வது சரி. ஆனால் அனுப்பியவர் யார், பெறுபவர் யார், பி.எல். யார் கைக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது, பொய் விவரத்துக்குப் பொறுப்பு யாருடையது என்பவை கடல்வழிச் சரக்குச் சட்டத்தின் அடிப்படைக் கேள்விகள். வெட்டியவரிலிருந்து வாங்கியவர் வரை கோடு இழுக்க வேண்டுமென்றால் அந்தத் தாள்களை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஜாமீன் மனு எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பி.எல்.லைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஒருவர் மலையிலிருந்து இனிமேல்தான் வர வேண்டும். ஜவ்வாது மலைப் பிள்ளை கடல்சார் சட்டம் படிப்பதை விசித்திரமான ஆசையாகப் பார்ப்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்த மலை ஏற்கெனவே கப்பல் சரக்குச் சங்கிலியில் ஒரு கண்ணி. அதே மலையின் காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை யாரும் விசித்திரம் என்று சொல்வதில்லை.

மலைச்சரக்கு கடலேறுவதும், அதை எடுத்துக் கொடுத்தவர் ஆவணத்தில் இல்லாமல் போவதும் புதிதல்ல. வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கடன் ஒப்பந்தம். சேர நாட்டு முசிறியிலிருந்து எகிப்துக்குப் போன வணிகம் பற்றியது. ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு அதன் மறுபக்கத்தில் மதிப்புப் போட்டுக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதில் யானைத் தந்தம் இருக்கிறது. கடனைத் திருப்பாவிட்டால் என்ன செய்வது என்ற ஷரத்துகூட இருக்கிறது. யானையைக் காட்டில் வீழ்த்தியவர் யாரென்று சொல்ல அந்தத் தாளுக்கு அவசியம் இருக்கவில்லை.

இனி படிப்புக்கு வருவோம்.

ஜவ்வாது மலையில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7.95 லட்சம், அவர்களில் மலையாளிகள் 3.58 லட்சம், மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி. இந்தச் சமூகத்துக்குச் சட்டம் பழக்கமானதுதான், ஆனால் பெரும்பாலும் அடிவாங்கும் பக்கத்திலிருந்து. தருமபுரி மாவட்டச் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் செய்த வன்கொடுமைகளைக் குற்றம் என்று நீதிமன்றம் ஏற்க 19 ஆண்டுகள் ஆயின. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று. பாதிக்கப்பட்ட ஊரின் பிள்ளைகள் அதற்குள் பேரன் பேத்தி எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

மறுபக்கத்திலிருந்தும் ஒரு செய்தி உண்டு. ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில், உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றது 2024 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் பேசப்பட்டது. பிரசவம் முடிந்து இரண்டே நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதினார் என்பதைத்தான் எல்லாப் பத்திரிகைகளும் தலைப்பாக்கின. அந்த மனவுறுதியைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அவரை அந்தத் தேர்வுக் கூடம் வரை கொண்டுவந்தது சட்டப் படிப்பு. அதன் வழி எப்படி இருக்கிறது என்று விளக்கிய கட்டுரை எதுவும் என் கண்ணில் படவில்லை.

வழி இரண்டு. பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டு எல்எல்.பி. படிக்கலாம். அல்லது பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேரலாம், பி.ஏ. எல்எல்.பி., பி.பி.ஏ. எல்எல்.பி., பி.காம். எல்எல்.பி. என்று ஒரே மூச்சில் இரண்டு பட்டங்கள். இந்தியப் பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூவில் பழங்குடி மாணவர்கள் 40 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். இதுவே ஹானர்ஸ் படிப்பாக இருந்தால் ஒரு துறையில் எட்டுச் சிறப்புத் தாள்கள் கூடுதலாக எழுத வேண்டும். கடல்சார் சட்டத்தைச் சிறப்புப் பாடமாகக் கொள்ள வாய்ப்புள்ள இடம் அதுதான்.

எங்கே சேர்வது? மலையிலிருந்து பக்கத்தில் இருப்பது 2008இல் தொடங்கிய வேலூர் அரசு சட்டக் கல்லூரி. அதுவும் சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கின்றன. திருச்சியில் 2013 முதல் இயங்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் நுழைவுத் தேர்வு வேண்டும். அது ஆங்கிலத்தில், வேகமாகப் படித்து விரைவாக விடை குறிக்கும் தேர்வு. மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு, கேட்கப்படும் சட்ட அறிவைவிட அந்த வேகம்தான் மலைப்பாக இருக்கும். கடல்சார் படிப்புக்கென்றே எழுந்தது காந்திநகரில் உள்ள குஜராத் கடல்சார் பல்கலைக்கழகம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அதில் கடல்சார் சட்டத்துக்குத் தனிப் பள்ளி இருக்கிறது. சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் (2008) முதன்மையாக மாலுமிகளையும் பொறியாளர்களையும் துறைமுக மேலாளர்களையும் உருவாக்குவது. பெயரைப் பார்த்துச் சட்டம் படிக்கலாம் என்று போய் நிற்கக் கூடாது.

இட ஒதுக்கீடு என்று சொன்னால் கதவு திறந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டில் பழங்குடியினருக்கு ஒரு விழுக்காடு. அறுபது இடங்கள் உள்ள வகுப்பில் அது ஓர் இடம்கூட இல்லை. எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்துக் கணக்கிடும்போதுதான் ஏதோ கையில் வருகிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் கிடைக்கும் 7.5 விழுக்காடு முன்னுரிமை சட்டப் படிப்புக்கும் உண்டு. மலைப்பிள்ளைகளுக்கு உண்மையில் உதவக்கூடிய வாசல் இதுதான் என்பது என் கணிப்பு. முதலில் சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், தாசில்தார் தர முடியாது. ஜவ்வாது மலை பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருப்பதால் அங்குள்ள மலையாளிகள் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துக் கடம்பூர், பர்கூர் மலைகளில் வாழும் அதே மலையாளிகள், மாவட்டத்தின் பெயர் பட்டியலில் இல்லாததால், பல பத்தாண்டுகளாகச் சான்றிதழுக்குப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டப்படிப்பிலேயே கடல்சார் சிறப்புப் பிரிவு என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பேன். கப்பல் வழக்கு நடத்துபவருக்கு முதலில் வேண்டியது ஒப்பந்தச் சட்டம், சாட்சியச் சட்டம், உரிமையியல் நடைமுறை, கொஞ்சம் காப்பீடு, கொஞ்சம் சர்வதேசச் சட்டம். இந்த அடித்தளம் இல்லாதவருக்கு எட்டுச் சிறப்புத் தாள்களும் வெறும் கலைச்சொல் பட்டியல்தான். அரசுக் கல்லூரியில் ஐந்தாண்டு நன்றாகப் படித்துவிட்டு, முதுநிலையில் கடல்சார் சட்டம் எடுப்பது செலவு குறைந்த வழி, அறிவுக்கும் நல்லது. உலகத்தில் பெயர்பெற்ற இடங்கள் சில உண்டு: சவுத்தாம்ப்டன், அமெரிக்காவின் டுலேன், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், மால்ட்டாவில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1988இல் நிறுவிய சட்டப் பயிற்சி நிறுவனம். கப்பல் ஒப்பந்தங்களில் பெரும்பகுதி ஆங்கிலச் சட்டத்தின்படி லண்டனில் மத்தியஸ்தம் என்றே எழுதப்படுவதால் பணமும் அங்கேதான் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் போகட்டும். இங்கே தேவைப்படுவது வேறு.

தமிழ்நாட்டில் வழக்கறிஞரும் கப்பலும் ஒன்றாக நினைவுக்கு வரும் இடம் ஒன்றுதான்: தூத்துக்குடி. ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவுசெய்தபோது மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தொடக்கத்தில் நிறுவனத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயில் வாடகைக்கு எடுத்த கப்பல்களை, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தின் நெருக்குதலால் உரிமையாளர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர் இலங்கையில் வேறு கப்பல் தேடினார். பிறகுதான் காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. நாம் அவரைத் தியாகியாக மட்டுமே படிக்கிறோம். கப்பல் வாடகை ஒப்பந்தம் முறிந்தால் என்ன செய்வது, கட்டணப் போட்டியில் பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்தை எப்படி நசுக்கும் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்ட சட்டக்காரராகவும் அவரைப் படிக்கலாம். 1908இல் சிறைத்தண்டனை பெற்ற பிறகு அவருடைய வக்கீல் சன்னதும் பறிபோனது. அதை மீட்டுத் தந்த வாலஸ் என்ற நீதிபதியின் நினைவாக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

அந்தக் காலத்துச் சென்னை உயர் நீதிமன்றத்தின், கப்பல் வழக்குகளை விசாரிக்கும் கடலாணை அதிகாரம் இங்கிலாந்துச் சட்டங்களிலிருந்து கடன் வாங்கியது. 1861, 1890 ஆண்டுகளின் பிரிட்டிஷ் சட்டங்களும் 1891இன் இந்தியச் சட்டமும் சொன்ன எல்லைதான் எல்லை. சுதந்திரம் வந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே நடந்தது. அதை உடைத்தது எம்.வி. எலிசபெத் வழக்கு. 1984இல் அந்தக் கப்பல் கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் சரக்கேற்றிக்கொண்டு, ஏற்றுமதியாளருக்கு பி.எல். கொடுக்காமலேயே கிளம்பிவிட்டது. பின்னர் விசாகப்பட்டினத்துக்கு வந்தபோது ஆந்திர உயர் நீதிமன்றம் அதைப் பிடித்துவைத்தது. துறைமுகத்துக்கு உள்ளே வரும் சரக்கு பற்றித்தான் பழைய சட்டம் பேசுகிறது, வெளியே போகும் சரக்குக்கு இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று கப்பல்காரர்கள் வாதிட்டார்கள். 1992இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அரசமைப்பின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு உள்ளார்ந்த அதிகாரம் உண்டு, காலனியச் சட்டம் அதன் கூரை அல்ல என்றது. அந்தத் தீர்ப்புக்கு 25 ஆண்டுகள் கழித்து, 2017இல் கடலாணைச் சட்டம் இயற்றப்பட்டு 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சென்னை உள்பட கடலோர மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களுக்கு அதில் அதிகாரம்.

இந்தச் சட்டத்தில் மற்றச் சட்டம் படித்தவர்களைத் திகைக்க வைப்பது, பிரதிவாதி மனிதனாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான். கப்பலையே பிரதிவாதியாக்கலாம். உரிமையாளர் பனாமாவில் ஒரு பெயர்ப்பலகை, இயக்குபவர் கிரேக்கத்தில், மாலுமிகள் ஐந்து நாட்டவர் என்றிருக்கும்போது யாரைத் தேடிப் போய் வழக்குப் போடுவது? கையில் அகப்படுவது துறைமுகத்தில் நிற்கும் இரும்புதான். மனுவும் பிரமாணப் பத்திரமும் தாக்கலாகி, நீதிபதி உத்தரவிட்டால், கைது ஆணை கப்பலில் ஒட்டப்படும். துறைமுக அதிகாரிகள் அதைக் கிளம்ப விடமாட்டார்கள். உரிமையாளர் பிணைத்தொகை கட்டினால் கப்பல் போகும், வழக்கு தொடரும். நிற்கும் ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்குப் பெருநட்டம் என்பதால் பிணைத்தொகை பெரும்பாலும் விரைவாகவே வந்துவிடும். ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடையிலான வழக்கில் காலம் பணக்காரன் பக்கம் இல்லாத அரிய சட்டத்துறை இது.

இன்னொன்று கூலி. கப்பலை விற்று வரும் பணத்தில் யாருக்கு முதலில் என்று சட்டம் வரிசைப்படுத்தும்போது, கடல்சார் பற்றுரிமைகளில் முதலிடம் மாலுமிகளின் சம்பளத்துக்கு. உயிரிழப்பு, காயம் அடுத்து. கப்பலை மீட்டவருக்கான தொகை, துறைமுகக் கட்டணம் அதற்கும் பின்னால். கப்பலை அடமானம் பிடித்த வங்கி இவர்களுக்கெல்லாம் பிறகுதான். நிலத்தில் எந்தத் தொழிலாளிக்கு இப்படி ஒரு வரிசை இருக்கிறது? முன்பணம் வாங்கி மேஸ்திரியோடு வெளியூர் வேலைக்குப் போய்க் கூலி கிடைக்காமல் திரும்பிய அனுபவம் ஜவ்வாது மலைக்கு உண்டு. அந்த வீட்டுப் பிள்ளை இந்தப் பிரிவைப் படிக்கும்போது, நகரத்துப் பிள்ளைக்குத் தோன்றாத கேள்விகள் தோன்றும்.

தமிழ்க் கடற்கரைக்கு இந்தச் சட்டம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு மூன்று வழக்குகள் போதும். 2012 பிப்ரவரி 15 அன்று என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் காவல் வீரர்கள் சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். யாருடைய நீதிமன்றம் விசாரிப்பது என்பதே எட்டு ஆண்டு வழக்காகி, 2020இல் சர்வதேச நடுவர் மன்றம் அந்த வீரர்களுக்கு இந்திய விசாரணையிலிருந்து விலக்கு உண்டு, இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றது. பத்துக் கோடி ரூபாய் வந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் குடும்பங்களுக்குத் தலா நான்கு கோடி, படகு உரிமையாளருக்கு இரண்டு கோடி என்று பிரித்து வழக்கை முடித்தது. 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அப்பால் பிடிக்கப்பட்ட சீமேன் கார்டு ஓஹையோ கப்பலில் ஆயுதங்களோடு 35 பேர் இருந்தார்கள். தூத்துக்குடி நீதிமன்றம் 2016இல் ஐந்தாண்டு தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. கப்பல் நின்ற இடம் நம் கடல் எல்லைக்குள்ளா, அது அங்கே வந்தது விரும்பியா வேறு வழியின்றியா என்பவை வழக்கின் நடுக்கேள்விகள். கடலில் 12 மைல் எதைக் குறிக்கிறது, 24 மைல் எதைக் குறிக்கிறது என்ற அறிவு காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையிலேயே இருந்திருந்தால் அத்தனை ஆண்டுகள் போயிருக்காது என்று நினைக்க இடமிருக்கிறது. மூன்றாவது, 2025 மே 25 அன்று கேரளக் கடலில் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் குமரிக் கரைவரை ஒதுங்கின. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டுக் கடலாணை வழக்குப் போட்டு, அதே குழுமத்தின் வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்துவைக்க உத்தரவு வாங்கியது. மூழ்கிய கப்பலை யாரும் கைதுசெய்ய முடியாதல்லவா.

படித்து முடித்த பிறகு வரும் மூன்று ஆண்டுகள்தான் எனக்குக் கவலை தருபவை. வழக்கறிஞராகப் பதிவுசெய்யும் கட்டணப் பிரச்சினை 2024 ஜூலை 30 அன்று ஓரளவு தீர்ந்தது: பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும், மற்றவர்களிடம் 750க்கு மேலும் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவரை மாநிலப் பார் கவுன்சில்கள் பல்லாயிரம் வாங்கிக்கொண்டிருந்தன. ஆனால் 2025 மே 20 அன்று அதே நீதிமன்றம், உரிமையியல் நீதிபதித் தேர்வெழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற பழைய விதியை மீண்டும் கொண்டுவந்தது. ஸ்ரீபதி போல 23 வயதில் நேராகத் தேர்வுக்குப் போகும் வழி அடுத்தவர்களுக்கு இல்லை. அனுபவம் வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. அந்த மூன்றாண்டும் சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் யார் தருவது என்பதற்குத் தீர்ப்பில் விடை இல்லை.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்றது. அது எல்லா அலுவலகங்களிலும் நடக்கிறதா என்று தம்புச் செட்டித் தெருவில் ஏறி இறங்கினால் தெரியும். கப்பல் வழக்கு நடத்தும் அலுவலகங்கள் எண்ணிக்கையில் குறைவு; கப்பல் ஏஜென்டுகளின் அலுவலகங்கள் இருக்கும் ராஜாஜி சாலையையும் உயர் நீதிமன்றத்தையும் சுற்றியே அவை இருக்கின்றன; ஆள் சேர்ப்பது பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லித்தான். மலையிலிருந்து வருகிறவருக்குத் தெரிந்தவர் இருக்கமாட்டார். ஆகவே பழங்குடியினர் நலத்துறைக்கு ஒரு யோசனை: கல்லூரிக் கட்டணத்தோடு நிற்காமல், சட்டம் முடித்த பழங்குடி இளைஞர்களுக்கு இந்த மூன்றாண்டு உதவித்தொகையைத் துறையே கொடுக்கட்டும். அதில் ஓராண்டு உயர் நீதிமன்றத்தின் கடலாணை வழக்குகளிலும் சுங்கத் தீர்ப்பாயத்திலும், ஓராண்டு திருப்பதிச் செம்மர நீதிமன்றத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கான சட்ட உதவியிலும் கழியட்டும். ஒரே கட்டையின் இரண்டு முனைகளையும் பார்த்த வழக்கறிஞர் இந்தியாவில் இப்போது எத்தனை பேர் இருப்பார்கள்?